ஆச்சி கொண்டுவந்த தூக்குச்சட்டி

ஏழு சபைகள் சேர்ந்த நம் சேகரத்து மக்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பெரிய வெள்ளிக்கிழமை பிரசங்க பீடத்தில் எனக்கு முடியாமல் போனதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. அப்புறம் மூன்று மாதம் என் வீடான குருமனைக்குள்ளேயே கிடந்தேன். வருகிற ஞாயிறு மறுபடி அங்கி மாட்டுகிறேன், ஒரே ஒரு ஆராதனைக்கு மட்டும். அதற்கு முன்னால் இந்த நன்றிக் கடனை எழுதித் தீர்க்காவிட்டால் பிரசங்கம் வாயில் வராது.

டாக்டர் இதை ‘பர்ன் அவுட்’ என்றார். வேதத்தில் இதற்கு நல்ல தமிழ் இருக்கிறது. எல்லா வழக்கையும் ஒருவராகவே விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம் மாமனார் எத்திரோ, ‘தொய்ந்துபோவீர்கள்’ என்கிறார். கயிற்றுக்கட்டில் தொய்கிற மாதிரிதான், ஒரே நாளில் அறுந்து விழுவதில்லை. கமிட்டித் தேர்தல் சமயத்தில் அந்த அதிகாரத்தை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். எனக்கென்று ஒரு தடவையும் வாசித்ததில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் வந்தீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழத்தை வைத்துவிட்டு, நலம் விசாரித்துவிட்டு, புறப்படும்போது எழுந்து நின்று கண்ணை மூடிக்கொள்வீர்கள், நான் ஜெபிப்பேன் என்று. நோயாளி நானல்லவா! பழக்கம்தான், குற்றமில்லை. நானும் ஜெபித்தேன். உதடுதான் ஜெபித்தது. கதவு சாத்தியதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் தெற்குத் தெரு ஆச்சி வந்தார்கள். (பெயரைப் போட்டால் ஏசுவார்கள்.) சேலைத் தலைப்பால் பிடித்த தூக்குச்சட்டி, இன்னும் சூடு ஆறவில்லை. திறந்தால் உளுந்தங்களி. கறுப்பு உளுந்தும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் விட்டிருந்தார்கள். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதை ஐம்பத்திரண்டு வயது பாதிரி ஐயருக்கு எதற்கு என்று என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஏன், ஐயாவுக்கு மட்டும் இடுப்பு இல்லையா?” என்றார்கள் ஆச்சி.

நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே தரையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வசனம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. கை கழுவிவிட்டு வந்து பழக்கதோஷத்தில் கண்ணை மூடினேன். “ஜெபமெல்லாம் நான் வீட்டிலேயே முடிச்சிட்டுத்தான் வந்தேன். நீங்க படுங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரம் வரை தூங்கினேன். பெரிய வெள்ளிக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கியதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

சூரைச்செடியின் கீழே ‘போதும் கர்த்தாவே’ என்று படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் அனுப்பவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான் அனுப்பினார். தின்றுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறான். தூதன் கோபிக்கவில்லை, இரண்டாம் தரமும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தேவன் அவனோடு பேசிய ஓரேப் பருவதம், அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். நானோ பிரசங்கத்தில் எப்போதும் அடையைத் தாண்டி ஓரேபுக்கு ஓடிவிடுவேன்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து ஆராதனை நடத்திய ஓய்வுபெற்ற ஐயர், ஏழு சபைகளையும் பார்த்துக்கொண்ட சபை ஊழியர்கள், சபை விருந்தான அசனத்தின் கணக்கை என் கண்ணில் காட்டாமலே முடித்த கமிட்டியார், பெண்கள் சங்கம், தண்ணீர் பிடித்துத் தந்த வாலிபர்கள், மாத்திரை சாப்பிடுவதில் வெட்கமில்லை என்று புரியவைத்த டாக்டர், எல்லாருக்கும் நன்றி. அந்த ஐயரிடம் ஒருநாள் புலம்பினேன்: “1841-ல் சென்னையிலிருந்து நடந்தே வந்த மிஷனரி கால்டுவெல் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் அரை நூற்றாண்டு உழைத்தாரே, நான் பத்தொன்பது வருஷத்தில் விழுந்துவிட்டேனே.” அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அவரும் கொடைக்கானலுக்குப் போய் இளைப்பாறினவர்தான் தம்பி” என்றார்.

ஆகவே இனி திங்கட்கிழமை குருமனை வாசல் சாத்தியிருக்கும். சாவு வீடு என்றால் தட்டுங்கள். கல்யாண ஓலை, சர்டிபிகேட், காம்பவுண்டுச் சுவர்த் தகராறு எல்லாம் செவ்வாய்க்கிழமை.

ஆச்சி, தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். வெறும் சட்டியாகத் திருப்பக் கூடாதென்று உங்கள் பல்லுக்குத் தோதாக ரவா லட்டு பிடிக்கிறாள் என் மனைவி. புதன்கிழமை நானே கொண்டுவருகிறேன். அன்றைக்கு வேண்டுமானால் ஜெபம் பண்ணச் சொல்லுங்கள்.

உங்கள் சேகர குரு