அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், எங்கள் தெருவில் வாழும் அன்பானவர்களுக்கும், மருத்துவமனையிலும் வீட்டிலும் எங்களுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தாரின் தோத்திரமும் நன்றியும் உரித்தாகுக.

பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் நின்றுபோயிருந்த எங்கள் அம்மா, இன்று யாராவது தாங்கிப் பிடித்தால் எழுந்து நாற்காலியில் உட்காருகிறார்கள். குழையப் பிசைந்த சோற்றை இடது கையால் தாமே எடுத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த நாற்காலி வரை அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த கைகள் எத்தனை என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான், வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியை எல்லோரும் அறியும்படி எழுதுகிறேன். உங்களில் பலர் கேட்டுக்கொண்டபடியே பெயர்களைக் குறிப்பிடவில்லை.

எதிர்வீட்டில் ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு முதலில் நன்றி. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும் என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியதைக் கண்டதுமே அவர் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காமல் தூக்கி உட்காரவைத்து, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வண்டியை விட்டார். அவர் தொழுகைக்குப் போகிறவர். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அவருடைய பெயர் அன்றிலிருந்து சொல்லப்படுகிறது என்பதை அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அதேபோல, சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியபோது எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த குழாயை நாங்கள் கேட்காமலேயே வேறு திசைக்குத் திருப்பி வைத்த கோவில் கமிட்டி அண்ணன்மாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மடங்கி இறுகிவிடாதபடி விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்க வேண்டும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடும் என்பதால் கஞ்சியையும் கூழையும் கெட்டியாகக் காய்ச்சி, நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் பொறுமையாகக் கற்றுத்தந்த பிசியோதெரபி சகோதரிக்கும், மதிய வேளைகளில் முறைபோட்டு வந்து அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, என் மனைவியைச் சற்றுக் கண்ணயரச் சொன்ன பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், பெரியம்மாமாருக்கும் நன்றி என்ற சொல் போதாது. இரவு முறைகளில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொண்ட என் மனைவிக்கும் எல்லோருக்கும் முன்பாக இந்த நன்றியைச் சொல்கிறேன்.

“இந்த வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை எங்கள் பிள்ளைகளின் மனதை வெகுவாகக் காயப்படுத்தியிருந்தது. எங்கள் சேகரகுருவானவர் அதைக் கேள்விப்பட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, பிறவிக் குருடனைப் பற்றி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்ட கேள்விக்கு, அது அவன் செய்த பாவமுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் சொன்ன பதிலை யோவான் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து வாசித்துக் காட்டினார். பிறகு, உயிர்த்தெழுந்த கர்த்தர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீஷர்களைச் சாப்பிட அழைத்ததையும் வாசித்தார். மரணத்தை ஜெயித்தவர் சமையல் வேலையைத் தாழ்வாக எண்ணவில்லை என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், கூழ் காய்ச்சும் எங்கள் அடுக்களைக்கு வேறொரு மதிப்பைத் தந்தது.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் “சரீரம் உயிர்த்தெழுதலும்” என்று சிறுவயது முதல் சொல்லிவந்திருக்கிறேன். அம்மாவின் அசையாத வலது கையை வெந்நீரில் கழுவித் தேங்காயெண்ணெய் தடவும்போது, அந்த அறிக்கை என்னைச் சற்று நிதானிக்கச் செய்தது. தேவன் கழித்துப்போடப் போகிற ஒன்றை நாங்கள் கழுவிக்கொண்டிருக்கவில்லை. அவர் எழுப்பப் போகிற சரீரத்தையே கழுவிக்கொண்டிருக்கிறோம். முழுச் சுகம் கேட்டு இன்றும் ஜெபிக்கிறோம். அது இந்த வாழ்நாளில் கிடைக்குமா என்பதைக் கர்த்தர் அறிவார். ஆனால் கிடைக்காவிட்டாலும் அந்தக் கைக்குச் செய்த பணிவிடை எதுவும் வீணாகாது என்ற நிச்சயத்தோடுதான் ஒவ்வொரு காலையும் அடுப்பில் வெந்நீர் வைக்கிறோம். இந்த நிச்சயம் எங்களுக்குத் தனிமையில் வாய்த்ததல்ல, உங்கள் நடுவில்தான் வாய்த்தது.

பேச்சுப் பயிற்சி அளித்த மருத்துவப் பணியாளருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சு போனவர்களில் பலருக்கு, முன்பே மனப்பாடமான பாட்டு மட்டும் வாயில் வரக்கூடும் என்றும், தெரிந்த பாடல்களை அவர்களோடு சேர்ந்து தினமும் பாடுங்கள் என்றும் சொன்னவர் அவரே. எங்கள் வீட்டில் அதற்கென நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. விளக்கு வைத்ததும் பாய் விரித்துக் கீர்த்தனை பாடி, சங்கீதம் வாசித்து, கர்த்தருடைய ஜெபத்தோடு முடிப்பது ஆச்சி காலத்திலிருந்து நடந்துவருகிறது. “தண்ணீர்” என்று கேட்க முடியாத அம்மா, ஒரு மாலையில் என் மகள் பாடத் தொடங்கிய கீர்த்தனையின் பல்லவியைப் பிசகில்லாமல் கூடப் பாடினார்கள். மகள் பாட்டை நிறுத்திவிட்டு அழுதாள், அம்மா நிறுத்தவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பாட வந்து உட்காரும் ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் எங்கள் நன்றி. இப்போது அம்மா சில சொற்களைத் தனியாகவும் சொல்லப் பழகிவருகிறார்கள். என் மகளின் பெயர் அவற்றில் ஒன்று.

மாதந்தோறும் திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து, விழுங்க எளிதாகும்படி அப்பத் துணிக்கையைத் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுக்கும் குருவானவருக்கும், முன்னதாகவே வந்து அம்மாவைப் பாடல்களால் ஆயத்தப்படுத்தும் உபதேசியார் ஐயாவுக்கும் நன்றி. “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை எங்கள் வீட்டு முற்றத்தில் நீங்கள் செய்துகாட்டினீர்கள்.

சபையார் சேர்ந்து வாங்கித் தந்த காற்று மெத்தை இப்போது அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. அதைச் சுத்தம் செய்து, மோட்டாரையும் சரிபார்த்து, உபதேசியார் ஐயாவிடம் ஒப்படைத்திருக்கிறோம். எந்த மதத்தவராயினும், வீட்டில் படுக்கையில் இருப்பவர்களுக்காக அதை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறையைக் காட்டித்தர என் மனைவியும் நானும் நேரில் வருவோம்.

கர்த்தருக்குள் என்றும் உங்கள்,
மகனும் குடும்பத்தாரும்
பாளையங்கோட்டை