கெமர்ப் பொன்னை வைத்திருப்போருக்கு ஒரு பொற்கொல்லனின் மடல்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஓர் ஏலப் பட்டியலில் ஒரு ஜோடி கெமர்த் தோடு, அதாவது பழைய கம்போடிய நாட்டுத் தோடு, பார்த்தேன். எடை, அளவு, நூற்றாண்டு எல்லாம் போட்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் ‘தனியார் சேகரிப்பு’ என்று இரண்டே சொல். அந்த இரண்டு சொல்தான் இதை எழுத வைத்தது.

கம்போடியப் பழம்பொருள் வணிகர் டக்ளஸ் லாட்ச்ஃபோர்டு விவகாரம் உங்களுக்குத் தெரியும். திருட்டுச் சிலைகளைக் கடத்தி விற்றதாக அமெரிக்காவில் வழக்குப் பதிவாகி, விசாரணைக்கு வருமுன் 2020இல் இறந்துபோனார். அவர் வைத்திருந்த 77 பொன் நகைகள் 2023இல் லண்டனிலிருந்து கம்போடியாவுக்குத் திரும்பின. கிரீடம், ஆரம், ஒட்டியாணம், தோடு. மகிழ்ச்சிதான். ஆனால் எந்தக் கோயிலில், எந்தக் குழியில் கிடந்தது என்பதை நகை தானாகச் சொல்லாது.

கல்லுக்கு அந்தக் கதி இல்லை. கம்போடியாவின் பழைய தலைநகரான கோ கெரில், பிராசாத் சென் கோயிலின் துரியோதனன் சிலையைப் பெயர்த்தவர்கள் பாதங்களைப் பீடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த சிலை அந்தப் பாதங்களோடு பொருந்திற்று. 2014இல் ஊர் திரும்பியது. பொன்னுக்குப் பாதம் ஏது?

நம் ஊரில் சாமியைப் பிரதிஷ்டை செய்யும்போது பீடத்தின் குழியில் பொன் தகடும் நவரத்தினமும் வைப்போம். கெமர்க் கோயில்களிலும் சிலைக்கு அடியில் குழிகள் குடைந்த கல் வைத்து, அதில் பொன் தகடு இட்டார்கள். அதை எடுக்கத்தான் திருடர்கள் பீடத்தையே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். உள்ளங்கை அகலத் தகட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டிவிடலாம்.

ஆய்வாளர்கள் கருவியில் வைத்துத் தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல்? பழம்பொன்னை உருக்கிப் புதியதோடு சேர்ப்பது எங்கள் பட்டறையில் அன்றாட வேலை. அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும். பொன்னின் மாற்றை, அதாவது தரத்தை, வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன். பற்றுப்பொடி வைத்து ஊதிப் பொன்னை ஒட்டத் தெரிந்த நல்ல கை, அதே தோட்டை இன்றைக்கும் செய்துவிடும். கிடைத்த இடம் தெரியாவிட்டால் அது பழையதுதான் என்று எதை வைத்து நம்புவது?

கம்போடியாவின் பிரே வெங் மாகாணத்தில் புரோஹியர் என்றொரு கிராமம். கெமர்ப் பேரரசின் தலைநகரான ஆங்கோருக்கு வெகுகாலம் முந்திய புதைகுழிகள். 2007இல் பொன்னுக்காக அவற்றைக் குடைந்து சூறையாடினார்கள். மறு ஆண்டு ஆய்வாளர்கள் அகழாய்வு செய்தபோது மிஞ்சியிருந்தது ஊர்த் தெருவுக்கு அடியில் கிடந்தவைதான். யாருடைய கழுத்தில் எந்த நகை கிடந்தது என்று தெரிவது அந்தத் தெருவின் புண்ணியத்தால்.

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் கொள்முதல் ஆவணங்களைத் திறந்து காட்டுங்கள். யாரிடம் வாங்கினீர்கள், எந்த ஆண்டு, கூட வந்த கடிதம் எது, மண் அப்பியிருந்தபோது எடுத்த புகைப்படம் எது. கம்போடிய ஆய்வாளர்கள் பழைய திருடர்களையே கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்க் குழியை அடையாளம் கேட்கிறார்கள். திருடியவர்கள் வாய் திறந்துவிட்டார்கள். படித்த நீங்கள், பூட்டிய அலமாரியை வைத்துக்கொண்டு, இன்னும் திறக்கவில்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நகையைத் திருப்புவது பற்றிப் பேச உங்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அதற்கு நாளாகட்டும். ஆவணங்களை நகலெடுத்து புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்கு அனுப்ப ஒரு நாள் போதும். அந்தக் குழிகளைத் தோண்டித் திருடியவர்கள் இப்போது உயிரோடு இருக்கிறார்கள், அவர்களும் கிழவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இந்த ஆண்டுக்குள் அனுப்புங்கள்.

பணிவுடன்,
பட்டறையில் உட்கார்ந்து எழுதும் ஒரு பொற்கொல்லன்