கீமோ போர்ட்: வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்தும் கீமோ போர்ட் (ஊசி குத்த மூடியுள்ள சிறு கிண்ணமும், அதிலிருந்து சிரைக்குள் செல்லும் குழாயும்) பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பொருத்தும் முறையைத் தெளிவாக விளக்கியிருந்த அக்கட்டுரை, பின்னால் வரும் சிக்கல்களை இரண்டே வரியில் கடந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக என் மனைவிக்குப் போர்ட் வைத்து ஓராண்டாகிறது. உடனிருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

இப்போது போர்ட் பொருத்தும்போது, அல்ட்ராசவுண்டில் கழுத்துச் சிரையைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, குழாயின் நுனி இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் சரியாக நிற்கிறதா என்று எக்ஸ்ரே திரையில் உறுதிசெய்வதால், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது, தமனியில் குத்திவிடுவது போன்ற விபத்துகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே குழாய் நசுங்கி முறியும் ஆபத்தையும் கழுத்து வழி தவிர்த்துவிடுகிறது. ஆனால் கிருமித் தொற்றும், குழாயருகே இரத்தம் உறைவதும் பெரும்பாலும் வீடு திரும்பி வாரங்களோ மாதங்களோ ஆன பிறகு வருபவை. அப்போது ஸ்கேன் கருவியும் நிபுணரும் பக்கத்தில் இருப்பதில்லை.

மூன்றாவது கீமோ முடிந்த சில நாளில், மனைவியின் வலது கை வளையல்கள் காலையில் இறுகியிருந்தன. அசதி என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். கழுத்து தடித்து, தோளருகே நீல நரம்புகள் புடைத்த பிறகே ஓடினோம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் குழாயைச் சுற்றி இரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. போர்ட் நன்றாக வேலை செய்ததால் அதை அகற்றாமலே, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தால் சமாளித்தார்கள்.

இன்னொரு முறை, போர்ட் அடைத்துக்கொள்ளாமல் உப்புநீர் செலுத்திக் கழுவிவிட ஊரிலிருந்த சிறிய மருத்துவமனைக்குப் போனபோது, செவிலியர் சாதாரண ஊசியைக் கையில் எடுத்தார். சிலிகோன் மூடியைச் செதுக்காமல் துளைக்கும் ஹூபர் ஊசிதான் இதற்கு வேண்டும் என்பதும், சிறிய சிரிஞ்சின் அழுத்தம் குழாயைச் சேதப்படுத்தக்கூடும் என்பதால் 10 மி.லி. சிரிஞ்சுக்குக் குறையக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் போர்ட் பற்றி இருந்தது ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

எந்தச் சிரையில், எந்த நாளில், எந்த வகைப் போர்ட் வைத்தார்கள். அடுத்து எப்போது கழுவ வேண்டும். மருந்து ஏற்றுமுன் இரத்தம் பின்னோக்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும், வராவிட்டால் ஏற்றக் கூடாது. கழுவிய பின் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ, கை, கழுத்து வீங்கினாலோ, போர்ட்டின் மேல்தோல் சிவந்தாலோ இரவானாலும் எந்த எண்ணுக்கு அழைப்பது: இவ்வளவையும் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுத் தர மருத்துவமனைகளுக்குப் பெரிய செலவாகாது. போர்ட்டுடன் தயாரிப்பாளர் வைத்திருந்த அடையாள அட்டையைக்கூட நாங்கள் ஆறு மாதம் கழித்துத்தான் கேட்டு வாங்கினோம். இப்போது அது ரேஷன் கார்டோடு மனைவியின் கைப்பையில் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
கும்பகோணம்