கண்டிஷன் பெயிலில் இருப்பவர்களுக்காக, மதுரை வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

வக்கீல் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

"மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்." ஜாமீன் கொடுக்கும்போது நீதிமன்றம் போடும் நிபந்தனையான இந்த ஒரு வரியோடு கட்சிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் மதுரைக்கு பஸ் ஏறி வந்து, ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டர் வரும்வரை காத்திருந்து, கையெழுத்து போட்டு ஊர் திரும்பினால் மதியம் ஆகிவிடும், அப்புறம் எந்த மேஸ்திரி அவரை வேலைக்குக் கூப்பிடுவார்? கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

அந்த மறு உத்தரவு தானாக வராது, கேட்டு மனு போட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. நிபந்தனை தளர்வு மனு என்று ஒன்று இருப்பதை டீக்கடையில் வேறொரு வழக்கில் அலைபவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். இதைவிட மோசம், "சரிப்பா, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஏட்டு வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி நின்றுவிடுவது. நாளைக்கே ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு வந்தால் ஏட்டு சொன்னதற்கு எது அத்தாட்சி?

மாஜிஸ்திரேட் விதித்த நிபந்தனையை மாற்ற செஷன்ஸ், உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தர முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 439-வது பிரிவு இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 483. ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாதவருக்கு நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? கட்சிக்காரரிடம்தான் யாரும் சொல்வதில்லை.

உத்தரவு நகலைக் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்: ஒரு நாளும் விடாமல் போய் வா, காய்ச்சலில் படுத்தால் ஆஸ்பத்திரி சீட்டை பத்திரமாக வை, இத்தனை வாரம் கழித்து மனு போடலாம், அதற்கு ஃபீஸ் இவ்வளவு. மனுவிலும் பழைய பாராவையே ஒட்டாமல், தவறாமல் கையெழுத்து போட்ட விவரம், மேஸ்திரியிடம் வாங்கிய கடிதம், பஸ் நேரம் எல்லாவற்றையும் வையுங்கள். முழுசாக ரத்து கிடைக்காது என்று தோன்றினால் வாரம் ஒரு நாள், அல்லது உசிலம்பட்டி ஸ்டேஷனிலேயே, அல்லது மாலை 6 மணிக்கு என்றாவது கேளுங்கள். ஃபீஸுக்கு வழியில்லாதவரை, இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவையுங்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உசிலம்பட்டிக்காரன் ஒருவன்