கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆமா"ன்னே பதில் வந்தா

கண்ணு,

போன ஞாயித்துக்கிழமை நீ போன்ல கேட்டதுக்கு "அவங்கவங்க தலையெழுத்து, விடும்மா"ன்னு சொல்லி முடிச்சுட்டேன். போனை வச்சதுக்கப்புறம் தூக்கமே வரல. நீ அவ்ளோ மனசு நொந்து கேட்டே, நான் சொன்னது ஒரு பதிலே இல்ல. அதான் இப்ப உக்காந்து டைப் பண்றேன், நீளமா போகும், வேலை நடுவுல படிக்காத, ராத்திரி சாவகாசமா படி.

உன்கூட வேலை பாக்குற பொண்ணு யாரோ அனுப்புன வாய்ஸ் மெசேஜை கேட்டுட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டா, மூணு வாரம் நல்லாத்தான் இருந்தா, அப்புறம் தலைவலி தாங்காம ஆபீஸ்லயே சரிஞ்சு விழுந்து நீங்கதான் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனீங்க. "இவ்ளோ படிச்சவளுக்கு மூளை எங்கம்மா போச்சு"ன்னு கேட்டே. கோவமா கேட்டே, ஆனா அதுக்குள்ள பயம் இருந்துச்சு, எனக்கு தெரிஞ்சுது.

மூளை எங்கயும் போகல கண்ணு. அது எதுக்கு பழகுச்சோ அதைத்தான் செஞ்சுது. நம்ம தலைக்குள்ள இருக்கறது ரொம்ப பழைய சாமான். மொராக்கோவுல ஜெபெல் இர்ஹூத்னு ஒரு இடத்துல கிடைச்ச எலும்புகளுக்கு ஏறக்குறைய 3 லட்சம் வருஷம் வயசுன்னு 2017ல சொன்னாங்க, நம்ம இனத்து மனுஷங்களோட எலும்புல இதுவரைக்கும் கிடைச்சதுலயே ரொம்ப பழசு அதுதான். அந்த 3 லட்சம் வருஷத்தை ஒரு நாள்னு வச்சுக்கோ, எழுத்துன்னு ஒண்ணு வந்து ஏறக்குறைய 5,000 வருஷம்தான், அப்ப கடைசி 24 நிமிஷத்துலதான் மனுஷன் எழுதவே ஆரம்பிச்சிருக்கான். மீதி நேரம் பூரா நெருப்பை சுத்தி உக்காந்து, கூட இருக்கறவங்க முகத்தை பாத்து, அவங்க சொன்னதை நம்பி பொழைச்சவங்கதான் நம்ம ஆளுங்க. தூரத்துல இருக்கற முகம் தெரியாத ஒருத்தன் பேசுறது காதுக்குள்ள வந்து விழும்னு அந்த மூளைக்கு யாரும் சொல்லித் தரல. அதனால அது அந்த குரலையும் நெருப்பு பக்கத்துல உக்காந்திருக்கற சித்தப்பா குரலாட்டமே எடுத்துக்குது.

இன்னொண்ணு, மூளை ரொம்ப செலவு வைக்கிற உறுப்பு. உடம்பு எடையில ஏறக்குறைய 2 சதவீதம்தான் இருக்கும், ஆனா நாம சும்மா உக்காந்திருக்கும்போது கூட உடம்பு செலவழிக்கற சக்தியில ஏறக்குறைய 20 சதவீதத்தை அது ஒண்ணே எடுத்துக்கும். அப்படிப்பட்டது காதுல விழுற ஒவ்வொண்ணையும் உரசி உரசி பாத்துக்கிட்டிருந்தா கட்டுப்படி ஆகுமா? "பரவால்ல, இது சரியாத்தான் இருக்கும்"னு சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்துட்டு அடுத்த வேலையை பாக்கத்தான் அது பழகியிருக்கு. அதுலயும் பயம்னு வந்துட்டா சொல்லவே வேண்டாம். இருட்டுல கிடக்கற கயிறை பாம்புன்னு நெனச்சு துள்ளுனவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, பாம்பை கயிறுன்னு நெனச்சவன் புள்ள குட்டி பெக்க மிஞ்சல. துள்ளுனவங்க வம்சம்தான் நாமெல்லாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவோம்ல, அந்த அரள்றதாலதான் நாம இன்னைக்கு இருக்கோம், அதை நாம கேவலமா பேசக்கூடாது.

சரி, ஆனா இதெல்லாம் பொய்யை ஏன் நம்புறாங்கன்னுதான் சொல்லுது. நீ கேட்டது வேற. அந்த வாய்ஸ் மெசேஜை நீ எனக்கு அனுப்புனல்ல, நான் நாலு தடவை கேட்டேன். அந்த ஆள் என்ன சொல்றான்? தினம் நடந்தா பிரஷர் குறையும்னு சொல்றான், அது உண்மை. எடை குறைஞ்சா குறையும்னு சொல்றான், உண்மை. மருந்து கம்பெனி லாபத்துக்குதான் மாத்திரை விக்குதுன்னு சொல்றான், அதுவும் உண்மைதான். மூணு உண்மையை வரிசையா சொல்லிட்டு நாலாவதா "அதனால மாத்திரையை நிறுத்திடலாம்"னு மெதுவா வைக்கிறான் பாரு, அங்கதான் இருக்கு. முதல் மூணுக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டுன பொண்ணு நாலாவதுக்கும் ஆட்டிட்டா. முழுப் பொய்யா இருந்திருந்தா அவ அப்பவே டெலிட் பண்ணியிருப்பா. ஏன்னா அவ அறிவுள்ளவ, எதுவும் தெரியாதவளுக்கு முதல் மூணு உண்மைன்னே புரிஞ்சிருக்காது.

இதை பத்தி ஒரு சோதனை இருக்கு, எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற சோதனை. பீட்டர் வாசன்னு ஒரு உளவியல்காரர், 1960ல லண்டன்ல பண்ணது. 2, 4, 6னு மூணு நம்பர் குடுப்பாரு. இதுக்கு பின்னாடி ஒரு விதி இருக்கு, கண்டுபிடி, நீயா மூணு மூணு நம்பரா எழுதிக்கிட்டு வா, விதிக்கு பொருந்துதா இல்லையான்னு நான் சொல்றேன்னு சொல்லுவாரு. நீயா இருந்தா என்ன எழுதுவே? 8, 10, 12னு எழுதுவே. பொருந்துதும்பாரு. 20, 22, 24. பொருந்துது. 100, 102, 104. அதுவும் பொருந்துது. "ரெண்டு ரெண்டா கூட்டிக்கிட்டே போகணும், அதான் விதி"ன்னு நிச்சயமா சொல்லுவே. தப்பு. விதி என்னன்னா நம்பர் ஏறுவரிசையில இருந்தா போதும், அவ்ளோதான். 1, 7, 90 கூட பொருந்தும். 29 பேர்ல 6 பேர்தான் ஒரு தடவை கூட தப்பா சொல்லாம நேரா சரியான விதியை சொன்னாங்க.

நல்லா யோசிச்சு பாரு கண்ணு, மத்தவங்களுக்கு வந்த "பொருந்துது"ங்கற பதில்ல ஒண்ணு கூட பொய் இல்ல. எல்லாமே உண்மை. அவங்க 1, 2, 50னு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா அவங்க நெனப்பு உடைஞ்சிருக்கும். கேட்கத் தோணல. தன் நெனப்பு தப்புன்னு காட்டக்கூடிய கேள்வியை கேக்கறதுக்கு நம்ம மனசுக்கு கை வரவே மாட்டேங்குது. பாதி உண்மை இவ்ளோ நாள் உயிரோட இருக்கறதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனக்கிறேன், அதை எப்ப தட்டுனாலும் "ஆமா"ன்னு சத்தம் வரும்.

டாக்டருங்களே இதுல மாட்டியிருக்காங்க. வயித்துப்புண்ணு கவலையாலயும் ஆசிட் அதிகமாகறதாலயும் வருதுன்னு ரொம்ப காலம் நம்பினாங்க, ஆசிட்டை குறைக்க மாத்திரை குடுத்தா புண்ணு ஆறிடும், பாத்தியா நாங்க சொன்னது சரின்னு ஆயிடும். மாத்திரையை நிறுத்துனா பல பேருக்கு புண்ணு திரும்ப வரும், அது ஏன்னு அழுத்தி கேட்டவங்க கம்மி. ஆஸ்திரேலியாவுல ராபின் வாரன், பேரி மார்ஷல்னு ரெண்டு பேர் பெரும்பாலான புண்ணுக்கு ஒரு கிருமிதான் காரணம்னு சொன்னப்ப யாரும் லேசுல நம்பல. 1984ல மார்ஷல் அந்த கிருமியை கரைச்சு தானே குடிச்சாரு, சில நாள்லயே வாந்தி வந்து வயித்தோட உள்சுவர் அழற்சியாயிடுச்சு. அவங்களுக்கு நோபல் பரிசு 2005லதான் கிடைச்சுது. ஆசிட் பொய் இல்ல, அதுவும் புண்ணுல ஒரு பங்குதான், ஆனா அதையே முழுக்கதைன்னு நம்பிட்டாங்க.

அதுக்கு மேல, ஒண்ணை திரும்ப திரும்ப கேட்டா அது உண்மையாட்டமே ஆயிடும், 1977ல காலேஜ் பசங்களை வச்சு ரெண்டு ரெண்டு வாரம் இடைவெளி விட்டு பாத்தப்ப, மறுபடி மறுபடி காதுல விழுந்த வாக்கியங்களை அவங்க மேல மேல நம்பினது தெரிஞ்சுது, அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்ங்கற கதைதான். அந்த பொண்ணுக்கு அதே மெசேஜ் எத்தனை பேர்கிட்ட இருந்து வந்துச்சோ.

இப்ப உன்கிட்ட சொல்ல வேண்டியதுக்கு வரேன், இதுக்காகத்தான் இவ்ளோ சுத்தி வந்தேன்.

1970கள்ல மைக்கேல் கசானிகான்னு ஒரு விஞ்ஞானி, வலிப்பு நோய்க்காக மூளையோட ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்கற இணைப்பை வெட்டுன ஒரு நோயாளியை வச்சு ஒண்ணு பாத்தாரு. அந்த ஆளோட இடது மூளைக்கு ஒரு கோழிக்கால் படம், வலது மூளைக்கு பனி மூடுன வீட்டு படம். ஒண்ணு பாத்தது இன்னொண்ணுக்கு தெரியாது. எதிர்ல நிறைய படம் வச்சு பொருத்தமானதை காட்டச் சொன்னா வலது கை கோழியை காட்டுது, இடது கை மண்வாரியை காட்டுது, பனியை அள்ள அதுதானே வேணும். ஏன் மண்வாரின்னு கேட்டாங்க. பேசுறது இடது மூளை, அதுக்கு பனியே தெரியாது. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அந்த ஆள் ஒரு நொடி கூட தயங்கல, "கோழிக்கால் கோழிக்குதானே, கோழிக் கொட்டகையை கூட்டி அள்ள மண்வாரி வேணும்ல"ன்னுட்டாரு. அவர் பொய் சொல்லல கண்ணு, அவர் அதை மனசார நம்புனாரு. நம்ம எல்லார் தலைக்குள்ளயும் அப்படி ஒருத்தன் உக்காந்து நாம செஞ்சதுக்கெல்லாம் கதை கட்டிக்கிட்டே இருக்கான்.

எனக்குள்ள இருக்கறவன் கட்டுன கதை எது தெரியுமா? "உன்னை பாத்துக்கத்தான் நான் வேலையை விட்டேன்."

உனக்கு ஆறு வயசு அப்ப. வீசிங் வந்து நீ ராத்திரி ராத்திரி உக்காந்தே தூங்குவே, என் மடியில உன்னை சாய்ச்சுக்கிட்டு நெபுலைசர் மாஸ்க்கை உன் மூஞ்சியில புடிச்சிருப்பேன், அந்த மிஷின் சத்தத்துல உனக்கு கதை கூட சொல்ல முடியாது, உன் நெத்தியை தடவிக்கிட்டே இருப்பேன். அதெல்லாம் நிஜம். வேலையை விட்டதுக்கப்புறம் உன் உடம்பு தேறுனதும் நிஜம். நீயும் நம்புனே, அப்பாவும் நம்புனாரு, சொந்தக்காரங்க முன்னாடி சொல்லி சொல்லி நானே முழுசா நம்பிட்டேன். யார் எப்ப கேட்டாலும் "ஆமா"ன்னுதான் பதில் வந்துச்சு.

போன வாரம் பீரோவுல பழைய பைல் தேடும்போது ராஜினாமா லெட்டர் காப்பி கிடைச்சுது. அதுக்கு அடியிலயே டிபார்ட்மென்ட் எக்ஸாம் ரிசல்ட். ரெண்டாவது தடவையும் பெயில். நான் வேலை கத்துக்குடுத்த பையன் அதே எக்ஸாம்ல பாஸ் பண்ணி எனக்கு மேலதிகாரியா வர இருந்தான். ரிசல்ட் வந்து பதினொண்ணாவது நாள் ராஜினாமா எழுதியிருக்கேன். உனக்கு வீசிங் முத்தி ஆஸ்பத்திரியில சேத்தது அதுக்கு அடுத்த மாசம். தேதியை ரெண்டு தடவை பாத்தேன். அப்பதான் இருவது வருஷமா கேக்காத கேள்வியை கேட்டேன், அந்த எக்ஸாம்ல நான் பாஸ் ஆயிருந்தா வேலையை விட்டிருப்பேனா? மாட்டேன். லீவு போட்டிருப்பேன், பாட்டியை வரச் சொல்லியிருப்பேன், எப்படியாவது சமாளிச்சிருப்பேன்.

நீ முதல் சம்பளம் வாங்குன அன்னைக்கு "எனக்காக நீ விட்டதை நான் திருப்பி குடுப்பேன்மா"ன்னு போன்ல அழுதே. தூரத்துல நல்ல வேலை கிடைச்சப்ப என்னை விட்டுட்டு போகணுமேன்னு ஒரு வருஷம் தள்ளிப் போட்டே. உன்மேல அந்த பாரத்தை வச்சது நான் சொன்ன பாதிதான். மத்த பாதியையும் அன்னைக்கே சொல்லியிருந்தா நீ இன்னும் லேசா கிளம்பியிருப்பே. அதை நெனச்சா எனக்கு தாங்க முடியல.

அந்த பொண்ணை போய் பாரு. ஏன் நம்புனேன்னு கேக்காத, கேட்டா அவ தலைக்குள்ள இருக்கறவன் இன்னொரு கதை கட்டுவான். டாக்டர் சொல்றபடி மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கட்டும், காலையும் சாயங்காலமும் பிரஷர் பாத்து ஒரு நோட்ல அவ கையாலயே எழுதச் சொல்லு, அந்த நோட்டை டாக்டர்கிட்ட காட்டட்டும். நீ பக்கத்துல இரு. சாலமன் ஆஷ்னு ஒருத்தர் 1951ல, கண்ணுக்கு நேரா தெரியற கோட்டோட நீளத்தையே கூட இருக்கறவங்க எல்லாரும் தப்பா சொன்னா நாலுல மூணு பேர் ஒரு தடவையாவது அவங்ககூட சேந்து தப்பா சொல்றாங்கன்னு காட்டுனாரு. கூட ஒரே ஒருத்தர் சரியா சொன்னா போதும், அப்படி ஒத்து ஊதறது வெகுவா குறைஞ்சுடுதுன்னும் பாத்தாரு. அவளுக்கு அந்த ஒருத்தி நீயா இரு.

ரிசல்ட் பேப்பரையும் ராஜினாமா லெட்டரையும் போட்டோ எடுத்து இதோட அனுப்பியிருக்கேன். தேதி ரெண்டும் மேல வலது பக்கம் இருக்கு, பெருசு பண்ணி பாரு. பாத்துட்டு கோவம் வந்தா கோவமாவே போன் பண்ணு, நான் முழிச்சிட்டுதான் இருப்பேன்.

அம்மா