உப்புக்கிண்ணம் தானாக நகரும் வீடு

சாந்தியாகோ, சிலி
ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே ஜூலை குளிர்காலம். வேலை முடிந்து மெட்ரோவில் அறைக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. அந்த நீண்ட இரவுகளில், சான் தியேகோ தெருவின் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஸ்பானிய நாவலை, அகராதியும் கையுமாக இரண்டு மாதம் படித்து முடித்தேன். சிலி எழுத்தாளர் இசபெல் அயேந்தே எழுதி 1982இல் வெளிவந்த ‘ஆவிகளின் வீடு’ அது.

அன்றாட வாழ்க்கையில் மாயத்தை இயல்பாகக் கலந்து சொல்லும் மாய யதார்த்தம் என்றாலே கதை பிடிபடாது என்று நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். இது அப்படியல்ல. கிளாரா என்ற சிறுமி கையால் தொடாமலே மேசைமேல் உப்புக்கிண்ணத்தை நகர்த்துகிறாள். வீட்டார் அதைப் பிள்ளைச் சேட்டையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அக்கா இறந்தபின் ஒன்பது ஆண்டுகள் பேசாமலிருந்தவள், வாய் திறந்ததும் தனக்குச் சீக்கிரமே கல்யாணம் என்கிறாள். மாப்பிள்ளை, அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எஸ்தேபான். பின்னாளில் அவன் ஆத்திரத்தில் அறைந்து பற்கள் போனதும், சாகும்வரை அவனிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாவலின் எந்த ஆவியும் என்னை இந்த இரண்டாவது மௌனம் அளவுக்கு உலுக்கவில்லை. அதில் மாயம் துளியும் இல்லை. எஸ்தேபானோ குடியானவர்களை வதைக்கும் பண்ணையார். ஆனாலும் சில இடங்களில் அவனே தன் வாயால் கதை சொல்லும்போது முழுதாக வெறுக்க மனம் வரவில்லை.

கிளாரா போனபின் மாயமும் குறைந்து, அரசியல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு அது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நாவலில் நாட்டின் பெயர்கூட இல்லை. ஆனால் 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது விமானங்கள் குண்டுவீசிய லா மொனேதா என்ற அதிபர் மாளிகையைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன் என்பதால், நாவலில் ஆட்சிக் கவிழ்ப்பு வரும் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை.

இன்னொன்று. அந்த ராணுவ ஆட்சியில் நாட்டைவிட்டு வெனிசுவேலாவுக்குப் போன அயேந்தே, ஏறக்குறைய நூறு வயதான தாத்தா மரணப்படுக்கையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, 1981 ஜனவரி 8 அன்று அவருக்கு எழுதத் தொடங்கிய கடிதம்தான் வளர்ந்து வளர்ந்து இந்த நாவலாயிற்று. தாத்தா அதைப் படிக்கவில்லை.

ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தால் நீங்களும் படித்துப் பாருங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் மறக்காமல் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்