அந்தப் பழைய சிம்

திருவட்டாறு,
23-11-2025

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் சுகம். அழகியமண்டபம் அத்தையின் மருமகள் வருகிற வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறாள். அவள் கையில் உனக்கு ஒரு பொதி கொடுத்துவிடுகிறேன். ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, கருப்பட்டி, சுக்குப்பொடி, எல்லாம் அம்மா கட்டியது. நடுவில் பழைய துவர்த்துத் துண்டில் சுற்றி ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் இருக்கும். அது நான் வைத்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். நீ டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நடக்கிற பத்து நிமிடத்தில் குட்டியின் சளியும் இங்கத்தை மழையும் பேசுவதற்கே சரியாகிவிடுகிறது. இதை நீ உட்கார்ந்து வாசிக்க வேண்டும், வாசித்த பிறகு இரண்டு மூன்று காரியம் செய்யவும் வேண்டும்.

போன மாதம் நீ ராத்திரி அழைத்தாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு அங்கே எட்டரை, எங்களுக்கு ஒரு மணி. போன் உடைந்து புதுப் போன் வாங்கியிருந்தாய். மெயிலைத் திறந்தால் கோட் கேட்கிறது, அந்தக் கோட் என்னுடைய பழைய நம்பருக்கு வருகிறது என்றாய். மறுநாள் காலையில் உன் நர்சிங் பதிவு சம்பந்தமான கடிதம் அந்த மெயிலிலிருந்து போயாக வேண்டும் என்றும் சொன்னாய். நான் பீரோவைத் திறந்து பழைய பட்டன் போனை எடுத்தேன். சார்ஜ் இல்லை. செருகிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் முதல் கோட் காலாவதியாகிவிட்டது. அடுத்ததை நான் வாசித்தபோது உனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மூன்றாவதில் திறந்தது. நீ 'சரிப்பா, கிடைச்சாச்சு' என்று வைத்துவிட்டாய். எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

அந்த சிம் உயிரோடு இருந்ததற்கு ஒரே காரணம், நம் கேஸ் புக்கிங் அந்த நம்பரில் இருப்பதுதான். சிலிண்டர் தீரும்போது அம்மா அதை ஆன் செய்வாள், பதிவு செய்துவிட்டு அணைத்துவிடுவாள். அதற்காகத்தான் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். ப்ரீபெய்ட் நம்பர் 90 நாளுக்கு மேல் உபயோகமில்லாமல் கிடந்தால் கம்பெனி அதை நிறுத்திவிடலாம், கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடவும் செய்யலாம். அப்படிக் கொடுத்திருந்தால் உன் கோட் முகம் தெரியாத ஒருவரின் போனில் போய் விழுந்திருக்கும்.

அந்தக் கணக்கு எப்படித் தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கிறதா? 2010-இல் கவுன்சலிங் விண்ணப்பம் போடத் தக்கலையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். மெயில் ஐடி வேண்டும் என்றார்கள். அங்கே இருந்த பையனே உருவாக்கித் தந்தான். போன் நம்பர் கேட்ட இடத்தில் என் நம்பரைச் சொன்னேன், உன்னிடம் அப்போது போன் கிடையாது. பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தான். அதற்குப் பிறகு நீ படித்து முடித்தாய், கல்யாணம் ஆயிற்று, அயர்லாந்து போனாய். உன் மார்க் லிஸ்ட், அனுபவச் சான்றிதழ், விசா, வங்கி எல்லாம் அந்த ஒரே மெயிலுக்குள்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அதன் சாவி மட்டும் இன்னும் திருவட்டாற்றில் ஒரு பீரோவுக்குள் கிடக்கிறது.

ஆகையால் முதலில் இதைச் செய். உன் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குள் போய், மீட்பு எண் என்கிற இடத்தில் உன் அயர்லாந்து நம்பரைப் போடு. மீட்பு மெயில் என்கிற இடத்தில் மாப்பிள்ளையின் மெயிலைப் போடு. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டால் பேக்கப் கோட் என்று பத்து எண்கள் தரும். போன் தொலைந்தாலும் அதில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம், ஒரு எண் ஒரு தடவைதான் செல்லும். அதை அச்சடித்து பாஸ்போர்ட்டோடு வை. போனில் படம் எடுத்து வைக்காதே, போன் போனால் அதுவும் கூடப் போய்விடும்.

சரி, இனி டிஸ்க்.

நான்கு வருடத்துக்கு முன்பு வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போனதை உன்னிடம் சொன்னேன். ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. உள்ளே டக் டக் என்று சத்தம் வந்தது. முப்பது வருடம் கரண்ட் லைனில் வேலை பார்த்தவன் நான். டிரான்ஸ்பார்மரில் இரைச்சல் மாறினால் முதலில் சப்ளையை நிறுத்து என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அதை நான் செய்யவில்லை. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். டிஸ்கின் உள்ளே தகட்டுக்கு மேலே மயிரிழையை விடவும் குறைந்த உயரத்தில் ஒரு முனை ஓடுகிறதாம். அது கெட்டால் வருகிற சத்தம் அது. ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் அது தகட்டை உரசிக் கெடுத்துவிடும் என்று நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது. பெரிய ஊருக்கு அனுப்பிப் பார்க்கலாம், செலவு நிறைய ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். நான் அனுப்பவில்லை. 2010 முதல் 2014 வரைக்குமான படங்கள் அதோடு போயின. உன் கல்லூரி நாட்கள், அண்ணன் கல்யாணம், ஆச்சியின் கடைசி ஓணம். ஆச்சி பாடியதை நீ உன் முதல் போனில் பதிவு செய்தாயே, அதுவும் அதில்தான் இருந்தது. இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

இந்த வருடம் ஆனி மாதம் என் மெயில் நிறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதே 15-க்குள்தான். முழுக்க நிறைந்துவிட்டால் புது மெயில் வராது, நாம் அனுப்பவும் முடியாது. இதே மாதிரி 'பெட்டி நிறைந்தது, இங்கே அழுத்துங்கள்' என்று ஏமாற்றுக்காரர்களும் அனுப்புவார்கள். அதனால் அந்த அறிவிப்பில் எதையும் அழுத்தாமல் நானே கணக்கைத் திறந்து பார்த்தேன். உண்மைதான், நிறைந்திருந்தது. பெரிய மெயில்களை நீக்கலாம் என்று உட்கார்ந்தேன். தேடும் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் 'லார்ஜர்:10எம்' என்று அடித்தால் பத்து எம்பிக்கு மேலானவை மட்டும் வரும், உன் அண்ணன் சொல்லித் தந்தது. ஒரு நீண்ட பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னக் கட்டம் மேலே இருக்கிறது. அதை அழுத்தி, குப்பைக் கூடைப் படத்துக்குப் பக்கத்தில் அம்பைக் கொண்டுபோய்விட்டேன்.

லைனில் கைவைக்கும் முன் சப்ளையை நிறுத்தியாயிற்று என்று லைன் கிளியர் வாங்க வேண்டும், எர்த் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஏற வேண்டும். அந்தப் பழக்கம் கையை நிறுத்தியது. தேர்வை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முக்கால்வாசியும் கல்யாண அழைப்பிதழ்களும் யாரோ அனுப்பிய வீடியோக்களும்தான். கீழே, 2013 பிப்ரவரியில் மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு நான் அனுப்பிய மெயில் ஒன்று இருந்தது. தலைப்பு 'அம்மா பாடியது'. 11 எம்பி.

மக்களே, எட்டு நிமிடம். முதலில் இருமல், அப்புறம் தாலாட்டு. பின்னால் ரப்பர் இலையில் மழை விழுகிற சத்தம். நடுவில் நீ 'ஆச்சி, இன்னொரு மட்டம்' என்கிறாய். ஆச்சி சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பாடுகிறாள். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அடுப்பில் சாளை கரிந்துபோனது, அன்றைக்கு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நீக்கியிருந்தால் 30 நாள் குப்பையில் கிடந்துவிட்டு அழிந்திருக்கும். அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது, தேடியிருக்கவும் மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, கோவிலுக்குப் போய்வந்த பிறகு. ஒரு டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டரில் செருகி, புதிதாக வந்தவற்றை வருடம், மாதம் போட்ட ஃபோல்டரில் நகலெடுக்கிறேன். முடிந்ததும் டிஸ்கிலிருந்தே நான்கைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பார்க்கிறேன். நகல் முடிந்ததாகத் திரை சொன்னாலும் திறந்து பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. பிறகு முறைப்படி வெளியேற்றி, கழற்றி, தேதி எழுதி ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன். நம் ஊர் ஈரத்துக்கு அது வேண்டும். கம்ப்யூட்டரிலேயே செருகி விட்டுவைப்பதில்லை. ஐப்பசி இடி ஒன்று விழுந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். பிளக்கைக் கழற்றினாலும் டெலிபோன் கம்பி வழியாக மோடத்துக்குள் மின்னல் ஏறி வந்து சாமான்களை எரித்ததை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டாலும் இதே கதைதான், செருகியிருக்கும் டிஸ்கையும் அது விடாது.

நீ 'எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்குப்பா' என்பாய். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆவணியில் போனில் இடமில்லை என்று அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு நூறு படங்களை நீக்கினாள். கூகுளில் இருந்ததும் போய்விட்டது. அது கண்ணாடி மாதிரி. முன்னால் நின்றால் அங்கேயும் நிற்பாய், நகர்ந்தால் அங்கேயும் காணாது. நல்ல வேளை, பேக்கப் ஆன படங்கள் 60 நாள் குப்பையில் இருக்கும், எடுத்துவிட்டோம். நீயும் வருடத்துக்கு ஒரு தடவையாவது கூகுள் டேக்அவுட் என்கிற வசதி வழியாக எல்லாவற்றையும் இறக்கித் தனி டிஸ்கில் வை.

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30 உனக்கு மறக்காது. நான் வீட்டுக்கு வந்தது எத்தனையோ நாள் கழித்து. கரண்ட் கொண்டுவரும் ஒரு ஃபீடர் லைன் விழுந்தால் இன்னொரு பக்கத்திலிருந்து கொடுக்க வழியுள்ள இடத்தில்தான் விளக்கு சீக்கிரம் எரியும். ஒரே லைனில் தொங்கும் ஊர் காத்துக்கிடக்கத்தான் வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோவில் ஒன்று என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் யோசித்தேன். இரண்டும் இருப்பது ஒரே கூரைக்குக் கீழே. பரளியாறு பெருகி வந்தாலும், வீட்டில் திருடன் புகுந்தாலும் இரண்டும் போகும். மூன்றாவது பிரதி வெளியூரில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் உன்னிடம் அனுப்புகிறேன்.

அதில் படங்கள் தவிர 'வீடு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நம் தோட்டத்துப் பத்திரங்களை ஸ்கேன் செய்திருக்கிறேன். தாத்தா வாங்கியது கொல்லம் ஆண்டு 1121-இல் (ஆங்கிலக் கணக்கில் 1945-46), சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் காகிதம், எழுத்து மலையாளம். மடித்த இடமெல்லாம் விட்டுப்போகிறது. அதனால் பக்கம் பக்கமாகப் பொறுமையாக எடுத்தேன். பட்டா, என் பென்ஷன் ஆணை, காப்பீடு, உன் பழைய சான்றிதழ்களின் ஸ்கேன் எல்லாம் அதில் உண்டு. அந்த ஃபோல்டர் மட்டும் செவன்-ஜிப் என்கிற மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. பாஸ்வேர்டை இதில் எழுதவில்லை, போனில் சொல்வேன். மெசேஜில் கேட்காதே.

இன்னொன்று. எனக்கு 66 ஆகிறது. கூகுளில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. நான் ஆறு மாதம் என் கணக்கைத் தொடவில்லை என்றால் உனக்கும் அண்ணனுக்கும் தகவல் வரும், படங்களும் டிரைவில் உள்ளவையும் எடுத்துக்கொள்ளலாம். போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லியாயிற்று. நீ இதை நினைத்து வருத்தப்படாதே, வீட்டு வரி ரசீது எங்கே இருக்கிறது என்று சொல்வது போலத்தான். உன் கல்லூரிக் காலத்து இரண்டாவது மெயில் ஒன்று உண்டே, அதையும் ஒரு தடவை திற. இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்று 2023-இல் விதி வந்துவிட்டது.

டிஸ்க் வந்ததும் திறந்து பார். முதல் ஃபோல்டர் 'ஆச்சி'. குட்டியையும் பக்கத்தில் வைத்துக் கேள்.

மீட்பு எண்ணை மாற்றியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய நம்பருக்குக் கோட் அனுப்ப வாய்ப்பு இருக்கிறதாம். அதனால் பட்டன் போனை இப்போது பீரோவிலிருந்து எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே சார்ஜரோடு வைத்திருக்கிறேன். ராத்திரியும் அணைப்பதில்லை. நேற்று மறுபடியும் ரீசார்ஜ் செய்தேன். உன் மெசேஜ் வந்து அந்த ஒரு வாரமும் கழியட்டும், அதற்குப் பிறகுதான் அணைப்பேன்.

அன்புடன்,
அப்பா